ரீமிக்ஸ் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்: அனுமதி, கிரெடிட், மரியாதை

வீட்டில் லேப்டாப்பை வைத்து ரீமிக்ஸ் செய்பவர்கள், கவர் பாடி ஏற்றுபவர்கள், கல்லூரி விழாவுக்கு மாஷப் தயாரிப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்புவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். சட்டம் வருகிற இடங்களில் இந்தியச் சட்டத்தைச் சொல்கிறேன். பணம் புரளும் வேலை என்றால் ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

ரீமிக்ஸ், கவர், சாம்பிள், மாஷப்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஒரு பாட்டை நீங்களே புதிதாகப் பாடி, வாசித்துப் பதிவு செய்தால் அது கவர். வேறொருவரின் ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் டிராக்கில் வைத்தால் சாம்பிள். அந்தப் பதிவையே பெருமளவு எடுத்துக்கொண்டு புது பீட், புது அமைப்பு கொடுத்தால் ரீமிக்ஸ். இரண்டு மூன்று பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் மாஷப். நம் சினிமாவில் பழைய பாட்டைப் புதுப் பாடகர்களை வைத்து மறுபடி பதிவு செய்வதையும் ரீமிக்ஸ் என்றுதான் சொல்கிறோம். அனுமதி என்று பார்த்தால் அது கவருக்குப் பக்கத்தில் வரும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஒரு பாட்டுக்குள் பல பேருடைய உரிமை இருக்கிறது. வரிகள் பாடலாசிரியருடையது. மெட்டு இசையமைப்பாளருடையது. ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருடையது, பெரும்பாலும் ஒரு லேபிளிடம், அதாவது இசை நிறுவனத்திடம், இருக்கும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துக் கலைஞர் என்ற வகையில் தனி உரிமை உண்டு. கவர் செய்யும்போது நீங்கள் வரியையும் மெட்டையும் தொடுகிறீர்கள். சாம்பிளோ ரீமிக்ஸோ செய்தால் நான்கையும் தொடுகிறீர்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

பேர் போட்டு கிரெடிட் குடுத்துட்டா அனுமதி வாங்க வேண்டாம்தானே?

வேண்டும். நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். பெயர் போடுவது "இது இவருடையது" என்று ஊருக்குச் சொல்வது. அனுமதி வாங்குவது "எடுத்துக்கொள்ளட்டுமா" என்று அவரையே கேட்பது. ஒன்றைச் செய்துவிட்டதால் இன்னொன்று தீர்ந்துவிடாது. 2024இல் மலையாளப் படமான மஞ்ஞும்மல் பாய்ஸில் 1991ஆம் ஆண்டு குணா படப் பாடல் வந்ததற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது கிளம்பிய விவாதத்தின் மையமே இதுதான். பெயர் திரையில் வந்திருந்தது. இளையராஜா தரப்பு கேட்டது அனுமதியை. படத் தயாரிப்பாளர்கள், உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் முறைப்படி வாங்கினோம் என்றார்கள். யாரிடம் கேட்பது என்ற அந்தச் சிக்கலுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். லேபிளுக்குப் பணம் கட்டி எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருப்பார்கள். பாட்டை எழுதியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் எங்கேயும் இருக்காது. பணம் கட்டிவிட்டதால் பெயரை மறைக்கும் உரிமை கிடைத்துவிடுவதில்லை. இரண்டும் கொடுக்க வேண்டியவை.

"காப்புரிமை மீறும் எண்ணம் இல்லை, எல்லா உரிமையும் உரியவர்களுக்கே"ன்னு டிஸ்கிரிப்ஷன்ல போட்டா?

அந்த வரிக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. "உரியவர்கள்" யார் என்று பெயர் சொல்லாத வரி, கிரெடிட்டாகவும் ஆகாது. அந்த இடத்தில் நான்கு பெயரை எழுதியிருந்தால் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

பத்து செகண்டுக்குக் கீழ எடுத்தா பிரச்சினை இல்லையாமே?

அப்படி ஒரு விதி கிடையாது. பத்து நொடி, ஏழு நொடி, நான்கு பார் (தாளச் சுற்று) என்று எந்த அளவும் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு, தங்கள் 1977ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்த சுமார் இரண்டு நொடித் தாளத்துக்காக ஒரு ஹிப்ஹாப் தயாரிப்பாளர் மேல் போட்ட வழக்கு இருபது வருடங்களுக்கு மேல் இழுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

நொடிக் கணக்கு நியாயத்தையும் அளக்காது. 1969இல் அமெரிக்காவின் தி வின்ஸ்டன்ஸ் குழு 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டு பதிவு செய்தது. நடுவே டிரம்மர் கிரிகரி கோல்மன் நான்கே பார் தனியாக வாசிப்பார், ஏழு நொடி வரும். அந்தத் துண்டை எடுத்து ஆயிரக்கணக்கான டிராக்குகள் வந்தன. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வகைகளே அதன்மேல்தான் நிற்கின்றன. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடில்லாதவராக இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கிடைத்தது. கோல்மன் அதைப் பார்க்க இல்லை. ஏழு நொடிதானே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த டிரம்மர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

நான் இதுல காசே பண்ணலையே, மானிட்டைசேஷன் ஆஃப்லதான் இருக்கு.

நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் அனுமதி தேவையில்லை என்றாகிவிடாது. இந்தியச் சட்டம் சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்று இடம் தருகிறது. வீட்டில் ஹெட்ஃபோனில் போட்டு ரீமிக்ஸ் செய்து கற்றுக்கொள்வது அதற்குள் வரும் என்று தைரியமாக நினைக்கலாம். பொதுவில் ஏற்றியதும் அது சொந்த உபயோகம் இல்லை.

அப்புறம், காசு வராவிட்டாலும் உங்களுக்கு ஃபாலோயர் வருகிறார்கள், கச்சேரி வாய்ப்பு வருகிறது, பெயர் வருகிறது. அந்தப் பெயரில் ஒரு பங்கு மூலக் கலைஞருடையது.

கல்யாண வீட்ல டிஜே பண்றேன். அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?

கல்யாண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த சமூகக் கொண்டாட்டங்களுக்கும் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அங்கே பாட்டு போடலாம். அதே செட்டை வீடியோ எடுத்து உங்கள் சேனலில் ஏற்றினால் விலக்கு கூடவே வராது. பப், ஹோட்டல், டிக்கெட் நிகழ்ச்சி என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டியது பெரும்பாலும் இடத்துக்காரர் அல்லது நிகழ்ச்சி நடத்துபவர். வாங்கியிருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சரி, யார் யார் பேரைப் போடணும்? எவ்வளவு விவரம் போடணும்?

குறைந்தபட்சம் இவ்வளவு: மூலப் பாட்டின் பெயர், வந்த ஆண்டு, படமோ ஆல்பமோ எதுவோ அது, பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள், ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் நிறுவனம், மூலப் பாட்டுக்கு ஒரு லிங்க். அதன் கீழே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. "மூலப் பதிவின் குரலை மட்டும் எடுத்து, தாளமும் பேஸும் நான் புதிதாக அமைத்தது" என்பது போல. கேட்பவர் எது யாருடைய வேலை என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு வரி போதும்.

நம் ஊரில் பாடகர் பெயர் தானாக வந்துவிடும். இசையமைப்பாளர் பெயரும் வந்துவிடும். விட்டுப்போவது பாடலாசிரியர். ரீல்ஸில் சுற்றும் பாட்டுகளில் முக்கால்வாசிக்கு எழுதியவர் யார் என்று கேட்டால் பகிர்ந்தவருக்கே தெரியாது. அதைவிட மோசம் வாத்தியக்காரர்கள் நிலைமை. நீங்கள் சாம்பிள் எடுத்தது ஒரு ஷெனாய் துண்டு, அல்லது ஒரு தபேலா ஓட்டம் என்றால், உங்கள் டிராக்கின் உயிரே அந்த வாசிப்பில்தான் இருக்கிறது. அதை வாசித்தவர் பெயரைத் தேடுங்கள். பழைய இசைத்தட்டு உறைகளிலும் கேசட் உறைகளிலும் பல சமயம் இருக்காது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், தீவிர சேகரிப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள், அதுவும் சந்தோஷமாக. கிடைக்கவே இல்லை என்றால் "வயலின் வாசித்தவர் பெயர் கிடைக்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். வெற்றிடத்தைக் காட்டுவதும் மரியாதைதான்.

இடமும் முக்கியம். டிஸ்கிரிப்ஷனின் கடைசியில் ஹேஷ்டேக்குகளுக்குக் கீழே புதைக்காதீர்கள். முதல் மூன்று வரிக்குள் மூலக் கலைஞர் பெயர் தெரிய வேண்டும். ரீல்ஸ் என்றால் திரையிலேயே எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் டவுன்லோட் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டிஸ்கிரிப்ஷன் கூடப் போவதில்லை.

அம்பது அறுபது வருஷத்துப் பழைய பாட்டு. இன்னும் உரிமை இருக்குமா என்ன?

பெரும்பாலும் இருக்கும். வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1964இல் வந்த படகோட்டி படத்தின் 'தொட்டால் பூ மலரும்'. ஒலிப்பதிவின் 60 ஆண்டு 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் எழுதிய வாலி இறந்தது 2013. இசையமைத்த இருவரில் ராமமூர்த்தி 2013இலும் எம்.எஸ்.விஸ்வநாதன் 2015இலும் இறந்தார்கள். ஆக வரிகளுக்கு 2073 வரையும், இருவர் சேர்ந்து செய்த மெட்டுக்கு 2075 வரையும் உரிமை இருக்கிறது. பதிவு பழையது என்பதால் பாட்டே பொதுச்சொத்தாகிவிடவில்லை.

கர்நாடக சங்கீதத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனை எல்லோருக்கும் பொது. அதை ஒரு வித்வான் பாடிய பதிவு பொது இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவருடைய கிருதிகளுக்கு 2033 முடியும் வரை உரிமை நிற்கிறது. பாரதியின் வரிகளை யாரும் எடுக்கலாம். அந்த வரிகளுக்குச் சினிமாவில் யாரோ போட்ட மெட்டை எடுத்தால் அது வேறு கணக்கு. காலம் முடிந்தால் பணம் கொடுக்கும் கடமை முடிகிறது, அவ்வளவுதான். தியாகராஜர் பெயரை விட்டுவிட்டு அவர் கீர்த்தனையை உங்கள் டிராக் என்று போட உங்களுக்கு மனசு வருமா?

கிராமத்துப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரியெல்லாம் யாருக்கும் சொந்தமில்லையே? அதை ஃப்ரீயா எடுக்கலாம்ல?

இதை நான் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். பாட்டை முதலில் கட்டியவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் காதில் விழுந்த அந்தப் பாட்டைப் பாடியவர் ஒரு மனுஷி. அவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அவர் எந்தச் சாவுக்கு, எந்த நடவுக்கு, எந்தக் குழந்தைக்குப் பாடினார் என்ற சூழல் இருக்கிறது. "பாரம்பரியப் பாடல்" என்ற ஒற்றைச் சொல்லை அந்த இடத்தில் போட்டால் அத்தனையும் போய்விடும்.

உலகம் முழுக்க அறிந்த உதாரணம் ஒன்று. சாலமன் தீவுகளில் மலைத்தா தீவின் வடக்கே வாழும் பாயெகு மக்களின் தாலாட்டு ஒன்றை, 1970ஐ ஒட்டி இசை ஆய்வாளர் ஹியூகோ ஸெம்ப் பதிவு செய்தார். பாடியவர் பெயர் அஃபுனாக்வா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை அழாதே என்று தேற்றும் பாட்டு. யுனெஸ்கோ இசைத்தட்டு வரிசையில் அது வந்தது. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அந்தக் குரலை எடுத்து நடன பீட் சேர்த்து வெளியிட, உலக ஹிட் ஆனது. தான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றார் ஸெம்ப். அஃபுனாக்வாவின் பெயர் எங்கேயும் இல்லை. அந்த ஆல்பம் ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் இசை என்ற தோரணையில் விற்றதால், கேட்டவர்கள் அது ஆப்பிரிக்கத் தாலாட்டு என்றே நம்பினார்கள். 1996இல் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக் அதே மெட்டை வாசித்தபோது 'பிக்மி லல்லபி' என்றே பெயர் வைத்தார். பசிபிக் தீவுப் பெண்ணின் பாட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு கிரெடிட் வரி இல்லாததால் ஒரு இனத்தின் பாட்டு இன்னொரு இனத்தின் பெயருக்கு மாறிவிட்டது.

ஆகவே ஒப்பாரியோ கானாவோ பறை அடியோ எடுக்கிறீர்கள் என்றால், பாடியவரிடம் நேரில் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று போட்டுக் காட்டுங்கள். பீட் போட்ட பின் எப்படி இருக்கும் என்று அவர் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், குறிப்பாக சாவுக்குப் பாடியதை ஆட்டப் பாட்டாக்கும்போது. சரி என்றால் பெயர், ஊர், முன்பணம், பின்னால் வருமானம் வந்தால் எவ்வளவு பங்கு என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஒரு புடவையும் ஐநூறு ரூபாயும் கொடுத்து முடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நாங்க நாலு பேர் சேர்ந்து பண்ணோம். யார் பேர் முதல்ல வரணும்னு இப்ப சண்டை.

ஏற்றுவதற்கு முன் பேசியிருக்க வேண்டும், இப்போதாவது உட்கார்ந்து பேசுங்கள். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கும். ராப் பாடகர் அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மூவர் பெயரும் சேர்ந்த பாட்டு, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லாமல் போனது பெரிய கோபத்தைக் கிளப்பியது. 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்ட பிறகு, யார் எதைச் செய்தது என்று மூவரும் பொதுவெளியில் தனித்தனி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அவர்களில் யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. அத்தனை பெரிய பாட்டுக்கே இந்த நிலை வரும் என்றால் உங்கள் நாலு பேருக்கும் வரும்.

ஸ்ப்ளிட் ஷீட் என்று ஒரு பக்கத் தாள் போடுவார்கள். வரி யார், மெட்டு யார், பீட் யார், யாருக்கு எத்தனை சதவீதம், பெயர் எந்த வரிசையில் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது. பாட்டு முடிந்த அன்றே, ஒருவருக்கொருவர் பிடித்திருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

கவருக்குத் தனியா ஒரு லைசென்ஸ் இருக்குன்னாங்களே, அதை வச்சு ரீமிக்ஸ் பண்ணலாமா?

முடியாது. சட்டத்தின் 31சி பிரிவு, 2012 திருத்தத்தில் வந்தது. மூலப் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்டிக் கவர் வெளியிடலாம். கவர் என்று அட்டையில் சொல்ல வேண்டும், மூலப் பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டுக் குழப்பக் கூடாது. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் வரியிலும் மெட்டிலும் கை வைக்கக் கூடாது. மூல ஒலிப்பதிவை எடுத்து வெட்டி ஒட்டும் வேலைக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை. வீட்டில் கிடார் வாசித்துப் பாடுகிற ஒருவருக்கு 50,000 பிரதிக் கணக்கும் கட்டுப்படியாகாது. சின்னக் கலைஞர்களை நினைத்து எழுதிய பிரிவு இல்லை இது.

அனுமதி கேக்கலாம்னா யார்கிட்ட கேக்குறது? மியூசிக் டைரக்டர்கிட்டயா, கம்பெனிகிட்டயா?

முதல் பதிலில் சொன்ன நான்கு உரிமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்கு லேபிள். வரிக்கும் மெட்டுக்கும் படத் தயாரிப்பாளர் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பாக ராயல்டி வசூலிப்பது 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம். பழைய தமிழ்ப் படங்களில் ஒப்பந்தங்கள் தெளிவில்லாமல் இருப்பதால்தான் தகராறு. 2017இல் இளையராஜா தன் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் சித்ராவுக்கும் நோட்டீஸ் அனுப்பியபோது, தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்துவிட்டார், இனி இவருக்கு என்ன உரிமை என்று பலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கு அந்த எரிச்சலில் உடன்பாடு இல்லை. சம்பளம் வாங்கினாலும் படைத்தவருக்கு நிற்கிற உரிமைகள் உண்டு. 2012 திருத்தம் தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சம பங்கு ராயல்டி உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்கிறது.

நடைமுறையில் நான் சொல்வது: லேபிளிடம் காகிதம் வாங்குங்கள், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதித் தெரிவியுங்கள். சட்டப்படி அது கட்டாயம் இல்லாத இடத்திலும் செய்யுங்கள்.

மெயில் போட்டேன், மூணு மாசமா பதிலே இல்லை. அப்ப சம்மதம்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. மௌனம் இங்கே சம்மதம் இல்லை. ஒன்று காத்திருங்கள், இல்லை சாம்பிளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நீங்களே ஒன்றை வாசித்துப் பதியுங்கள். பல சமயம் அந்தக் கட்டாயத்தில் வருவது மூலத்தைவிட உங்கள் டிராக்குக்குப் பொருத்தமாக அமையும்.

கடைசி நேரத்தில் கேட்டால் பேரம் பேசும் பலம் எதிர்தரப்புக்குப் போய்விடும். இங்கிலாந்தின் தி வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி' 1997இல் வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் ஆர்கெஸ்ட்ரா பதிவிலிருந்து எடுத்த துண்டு அதில் இருந்தது. ஆல்பம் வெளிவரும் தறுவாயில் தகராறு வெடித்து, பாட்டெழுதிய பெயரும் அதன் ராயல்டியும் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் இருவருக்கும் போனது. 2019இல்தான் அவர்கள் தங்கள் பங்கை வெர்வ் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 22 வருடம், தான் எழுதிய வரிகளுக்கே அவருக்கு வருமானம் இல்லை. எடுத்தவரும் ஏமாறக்கூடும், அதனால் முதலிலேயே கேளுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ்னு போட்டிருந்தா எதையும் கேக்க வேண்டாம்ல?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது ஆக்கியவரே எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் உரிமம். அதில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பிஒய் என்றால் பெயர் சொல்லி எதற்கும் பயன்படுத்தலாம். என்சி சேர்ந்தால் வணிக நோக்கம் கூடாது. எஸ்ஏ இருந்தால் உங்கள் ரீமிக்ஸையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்டி இருந்தால் மாற்றியதை வெளியிடவே கூடாது, அதாவது ரீமிக்ஸ் கிடையாது. பிஒய் என்று போட்டிருப்பதை "சும்மா கிடைப்பது" என்று எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தக் கலைஞர் கேட்ட ஒரே விலை அந்தப் பெயர்தான். தலைப்பு, ஆக்கியவர், மூல லிங்க், உரிமத்தின் பெயர், நீங்கள் மாற்றினீர்களா என்ற குறிப்பு, இந்த ஐந்தும் இருந்தால் சரி.

லூப் பேக் காசு குடுத்து வாங்கினேன். அதை வச்சுப் பண்ண டிராக்கை கன்டென்ட் ஐடில போடலாமா?

லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும்படி செய்த ஒலித் துண்டை) டிராக்கில் பயன்படுத்த உரிமம் இருக்கிறது, பெயர் போடும் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. 2007இல் ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா'வில் வந்த டிரம்கூட கராஜ்பேண்ட் மென்பொருளோடு வந்த லூப்தான். ஆனால் கன்டென்ட் ஐடியில், அதாவது ஒரே ஒலி வேறு வீடியோக்களில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாட்டில், பதிவது வேறு விஷயம். அந்த லூப் உங்களுடையது மட்டும்தான் என்று நீங்கள் யூடியூப்புக்குச் சொல்கிறீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவருடைய வீடியோ மேல் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் விழும், வருமானம் உங்களுக்கு வரும். கிரியேட்டிவ் காமன்ஸ் சாம்பிளில் இதைச் செய்தால் அதை உருவாக்கியவர் மேலேயே அவருடைய சொந்த ஒலிக்கு உரிமைக்கோரல் விழக்கூடும். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் கன்டென்ட் ஐடி கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள்.

லேபிள் அனுமதி இருக்கு, காசு கட்டியாச்சு. ஆனா ஒரிஜினல் இசையமைப்பாளர் வருத்தப்படறாராம். நான் என்ன தப்பு பண்ணேன்?

காகிதத்தில் தப்பு இல்லாமல் இருக்கலாம். 2020இல் 'மசக்கலி' என்ற இந்திப் பாட்டின் ரீமிக்ஸ் வந்தபோது, மூலத்துக்கு இசையமைத்த ஏ.ஆர்.ரஹ்மான், மூலப் பாட்டுக்குப் பின்னால் 200க்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்களின் உழைப்பும் ஒரு வருடச் சிந்தனையும் இருந்ததை எழுதி, மூலத்தைக் கேளுங்கள் என்றார். பாடலாசிரியர் பிரசூன் ஜோஷியும் வருத்தத்தைச் சொன்னார். உரிமை லேபிளிடம் இருந்தது, உழைப்பு அவர்களுடையது.

சட்டமும் இந்த மனவருத்தத்துக்குக் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறது. 57ஆம் பிரிவுப்படி, உரிமையை விற்ற பிறகும் படைத்தவர் தன் பெயரைக் கோரலாம், தன் மதிப்பைக் கெடுக்கும் சிதைவை எதிர்க்கலாம். ஒலிப்பதிவில் பாடியவர், வாசித்தவருக்கும் 38பி பிரிவில் இதே போன்ற உரிமை. மாற்றம் எல்லாமே சிதைவு ஆகிவிடாது. பக்திப் பாட்டை ஆபாச வரியோடு ஒட்டுவது, இரங்கல் பாட்டைக் குத்துப் பாட்டாக்குவது, ஒருவர் குரலை அவர் ஏற்காத அரசியல் கோஷத்துக்குப் பின்னணியாக்குவது, இங்கெல்லாம் நின்று யோசியுங்கள். முடிந்தால் வெளியிடும் முன் போட்டுக் காட்டுங்கள்.

இன்ஸ்பிரேஷனுக்கும் காப்பிக்கும் கோடு எங்க இருக்கு?

ராகம், தாளம், ஒரு வகையின் நடை, இதெல்லாம் எல்லோருக்கும் பொது. கல்யாணியில் இன்னொரு பாட்டு போட யாரிடமும் கேட்க வேண்டாம். அந்த ராகத்தில் ஒருவர் கட்டிய குறிப்பிட்ட மெட்டு அவருடையது. நீதிமன்றங்களே இதில் தடுமாறுகின்றன. பொன்னியின் செல்வன் 2 படத்தின் ஒரு பாடல், துருபத் என்ற இந்துஸ்தானி இசை வகையின் கலைஞர்களான இளைய டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து வந்தது என்று வழக்கு. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னார், 2 கோடி ரூபாய் வைப்புக் கட்டவும் சொன்னார். செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அந்த இடைக்கால உத்தரவை ரத்து செய்தது. பாட்டில் முதலில் இருந்த கிரெடிட் டாகர்வாணி மரபைச் சொன்னது, ஆட்கள் பெயரைச் சொல்லவில்லை. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், மரபின் பெயரோடு ஆட்களின் பெயரையும் எழுதினால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது என் எண்ணம்.

உங்களுக்கே சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: மூலத்தை அறிந்த நண்பரிடம் எதுவும் சொல்லாமல் உங்கள் டிராக்கைப் போடுங்கள். அவர் மூலத்தின் பெயரைச் சொன்னால், நீங்களும் கிரெடிட்டில் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுக்காரங்க நம்ம பாட்டை எடுக்கறாங்களே, அவங்க மட்டும் கேக்கறாங்களா?

சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. 2002இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'அடிக்டிவ்' லதா மங்கேஷ்கரின் குரலோடு ஹிட் ஆனது. மெட்டு இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரியுடையது, அவர் பெயர் இல்லை. அவர் வழக்குப் போட, அவர் பெயர் இல்லாமல் டிஸ்க்கை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடுத்தது. அன்று நம் ஊரில் எல்லோரும் அவர் பக்கம் நின்றோம். அதே நியாயத்தோடு, நம் டிராக்கில் இருக்கிற நைஜீரிய தாளத்துக்கும் ஜமைக்கா பேஸ்லைனுக்கும் சொந்தக்காரர் யார் என்று தேடுவோம்.

ஏஐ வச்சு எஸ்பிபி குரல்ல பாட வச்சா? அது சாம்பிளே இல்லையே, புதுசாதானே உருவாகுது.

அலை வடிவம் புதிது. குரல் அவருடையது, ஜனங்கள் கேட்க வருவதும் அவருக்காகத்தான். 2024இல் லால் சலாம் படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் சொன்னார். அதே சமயத்தில் கீடா கோலா என்ற தெலுங்குப் படத்தில் தந்தையின் குரலை அனுமதியின்றி இப்படி உருவாக்கியதாக எஸ்பிபியின் மகன் எஸ்.பி.சரண் நோட்டீஸ் அனுப்பினார். நான் கேட்டுக்கொள்வது மூன்று: அனுமதி, ஊதியம், "இது ஏஐ குரல்" என்று தெளிவாக எழுதுவது. உயிரோடு இருக்கும் பாடகர் என்றால் அவரே பாட மாட்டாரா என்று முதலில் கேளுங்கள். குறிப்பிட்ட பாட்டை அவர் பாடச் சம்மதிப்பாரா என்பது இறந்தவர் விஷயத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் நான் தயங்குவேன்.

ஏத்தியாச்சு, பேர் போட மறந்துட்டேன். ரெண்டு லட்சம் வியூ தாண்டிடுச்சு. இப்ப என்ன பண்ண?

இன்றைக்கே திருத்துங்கள். டிஸ்கிரிப்ஷனை மாற்றுங்கள், மேலே பின் (pin) செய்த கமென்டில் மூலக் கலைஞர் பெயரைப் போடுங்கள், ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களில் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக கிரெடிட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு நேரடியாக எழுதி, விட்டுப்போனதைச் சொல்லி, வருமானம் வந்திருந்தால் கணக்கை அனுப்பி, அவருக்கு எவ்வளவு பங்கு தர வேண்டும் என்று கேளுங்கள். அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். யாரும் கேட்கும் முன்பே நீங்கள் எழுதினால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே பதில் சொல்கிறார்கள்.

நான் பண்ண ரீமிக்ஸை இன்னொருத்தர் பேர் போடாம எடுத்து ஏத்திட்டார். அவர்மேல ஸ்டிரைக் போடலாமா?

நீங்கள் அனுமதி வாங்கிச் செய்ததா? ஆம் என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் ரீமிக்ஸின் உரிமை லேபிளிடம் இருந்தால் புகார் கொடுக்க வேண்டியவர் அவர்கள்தான். அனுமதி வாங்காமல் செய்தது என்றால், ஸ்டிரைக், அதாவது யூடியூப்பில் காப்புரிமைப் புகார், போடும்போது உரிமையாளர் நான்தான் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டி வரும். மூலப் பாட்டு உங்களுடையது இல்லாதபோது அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும், உங்கள் பதிவும் சேர்ந்து போகலாம்.

முதலில் அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். உங்கள் பெயரையும், அதற்கு முன்னால் மூலப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் பெயர்களையும் வரிசையாக எழுதி, இதை அப்படியே டிஸ்கிரிப்ஷனில் ஒட்டிவிடுங்கள் என்று அனுப்புங்கள். எழுதித் தந்தால் பலர் ஒட்டிவிடுவார்கள்.